கயோட்டி நடமாடும் நிலத்தில் ஆடு மாடு வளர்ப்பது: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் கயோட்டி என்ற நரி போன்ற காட்டுவிலங்கைக் கொல்வது அரசு வேலைகளில் ஒன்று. மத்திய வேளாண் துறையின் கீழ் உள்ள வைல்ட்லைஃப் சர்வீசஸ் என்ற பிரிவு, பல ஆண்டுகளில் ஆண்டுக்கு 60,000-க்கும் மேற்பட்ட கயோட்டிகளைக் கொன்றதாகக் கணக்குக் காட்டியிருக்கிறது. பொறி, சுருக்கு, சயனைடு, விமானத்திலிருந்து துப்பாக்கிச்சூடு என்று எல்லாம் பார்த்தாயிற்று. இத்தனைக்குப் பிறகும், ஒரு காலத்தில் மேற்குப் புல்வெளிகளிலும் பாலைகளிலும் மட்டும் இருந்த இந்த விலங்கு இன்று ஹவாய் தவிர எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில்கூட வந்து உட்கார்ந்துவிட்டது.

ஆகவே ராஞ்ச் எனப்படும் பெரிய கால்நடைப் பண்ணை வைத்திருப்பவர் கேட்க வேண்டிய கேள்வி, கயோட்டியை எப்படி ஒழிப்பது என்பதல்ல. அது இருக்கத்தான் போகிறது. அது எலியையும் முயலையும் தின்றுகொண்டு, உங்கள் ஆட்டை விட்டுவிடும்படி எப்படிச் செய்வது? இந்த வழிகாட்டி அதைப் பற்றியது. காட்டுயிர்மேல் பிரியம் இருப்பவர்களுக்கு இது பிடிக்கும். பிரியம் இல்லாதவர்களும் லாப நஷ்டம் பார்த்தே இந்த வழிக்கு வந்திருக்கிறார்கள்.

முதலில்: சுட்டால் ஏன் தீர்வதில்லை

கயோட்டி நம்மூர்க் குள்ளநரிக்குச் சொந்தக்கார விலங்கு, உருவத்தில் கொஞ்சம் பெரியது. எடை 9 முதல் 20 கிலோவுக்குள் இருக்கும். ஆணும் பெண்ணும் ஜோடியாக ஓர் எல்லையைப் பிடித்து, சிறுநீராலும் ஊளையாலும் காத்துக்கொள்ளும். அந்த எல்லைக்குள் பெரும்பாலும் அந்த ஒரு ஜோடிதான் குட்டி போடும். உடன் இருக்கும் மற்றவை முந்தைய ஆண்டுப் பிள்ளைகள். அவை தம்பி தங்கைகளை வளர்க்க உதவும்.

ஜோடியில் ஒன்றைச் சுட்டால் இந்த ஏற்பாடு கலைகிறது. அடங்கியிருந்த இளசுகள் இணை தேட ஆரம்பிக்கும், வெளியிலிருந்து புதியவை உள்ளே வரும். எண்ணிக்கை குறைந்த இடத்தில் இரை மிஞ்சுவதால் பிறக்கும் குட்டிகளும் கூடுதலாகப் பிழைக்கும். 1975-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் ஒரு கணக்குப் போட்டார்கள்: ஆண்டுதோறும் நான்கில் மூன்று பங்கைக் கொன்றாலும் ஒரு பகுதியின் கயோட்டிகள் அடியோடு ஒழிய 50 ஆண்டுக்கு மேல் ஆகும். எந்த ராஞ்சிலும் அப்படிக் கொல்ல ஆளும் இல்லை, பணமும் இல்லை.

உங்கள் நிலத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஜோடி ஆட்டைத் தொடாத ஜோடியாக இருந்தால், அதைக் கொல்வதுபோன்ற நஷ்டம் வேறில்லை. அது இருக்கும்வரை வேறு கயோட்டி அங்கே எளிதில் நுழையாது.

படி 1: ஆண்டுக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஜனவரி முதல் மார்ச் வரை இணைசேரும் காலம். சுமார் 63 நாள் சினை. ஏப்ரல், மே மாதங்களில் குட்டிகள் பிறக்கும்; ஐந்தாறு குட்டி சாதாரணம். இலையுதிர் காலத்தில் வளர்ந்த பிள்ளைகள் வீட்டைவிட்டுக் கிளம்பும்.

ஆட்டுக்கு ஆபத்தான காலம், பொந்தில் குட்டிகளுக்கு இரை கொடுக்கும் வசந்தமும் கோடைத் தொடக்கமும். ஐந்தாறு வாய்க்கு எலியாகப் பிடித்துச் சுமப்பதைவிட ஒரு செம்மறிக் குட்டியை அடிப்பது லாபம். யூட்டாவில் நடந்த ஒரு சோதனையில், சில கயோட்டி ஜோடிகளுக்குக் கருத்தடை அறுவை செய்து அதே நிலத்தில் திரும்ப விட்டார்கள். குட்டி இல்லாத அந்த ஜோடிகள் எல்லையைக் காத்தன, ஆனால் ஆடடிப்பது நன்றாகக் குறைந்துவிட்டது. ஒவ்வொரு ராஞ்சிலும் இதைச் செய்ய முடியாதுதான். பசி எங்கிருந்து வருகிறது என்பதை இது காட்டுகிறது.

உங்கள் இடத்தில் எது எங்கே நடக்கிறது என்று பார்க்க, வேலி ஓரத்திலும் ஓடைக் கடவிலும் இரண்டு மூன்று தானியங்கிக் கேமராக்களைக் கட்டுங்கள். பாதைகளின் குறுக்குச் சந்தில் எச்சம் கிடக்கும். குச்சியால் கிளறினால் எலி மயிர், முயல் எலும்பு, வெட்டுக்கிளிக் கால், பழக்கொட்டை எல்லாம் தெரியும். கம்பளி வந்தால் உஷாராகுங்கள். ஆனால் ஒன்று: கம்பளி இருப்பதாலேயே அது கொன்ற ஆடு என்று ஆகிவிடாது, செத்த ஆட்டைத் தின்றிருக்கலாம். இதற்குத்தான் அடுத்த படி.

படி 2: செத்த ஆட்டைத் தோலுரித்துப் பாருங்கள்

கொஞ்சம் அருவருப்பான வேலை. ஆனால் இதைச் செய்யாமல் விட்டால் மற்ற எல்லாச் செலவும் குருட்டாம்போக்கில் போகும். 2014-ஆம் ஆண்டுக்கான அமெரிக்க வேளாண் துறைக் கணக்கின்படி, செத்த பெரிய செம்மறிகளில் சுமார் 28 சதவீதமும் குட்டிகளில் சுமார் 36 சதவீதமும்தான் வேட்டை விலங்குகளால் செத்தவை. அதில் பாதிக்கு மேல் கயோட்டியின் கணக்கு, உண்மைதான். மிச்சம் பெரும்பங்கு நோய், குளிர், பிரசவச் சிக்கல், வயது.

கத்தியை எடுத்துத் தாடையிலிருந்து தோள்வரை கழுத்துத் தோலை உரியுங்கள். பல் பட்ட இடத்தில் தோலுக்கு அடியில் இரத்தம் கட்டிக் கருஞ்சிவப்பாக இருந்தால், கடிபடும்போது ஆட்டுக்கு உயிர் இருந்தது. துளை மட்டும் இருந்து இரத்தக்கட்டு இல்லையென்றால், செத்த பிறகு யாரோ தின்ன வந்திருக்கிறார்கள்.

கயோட்டி பெரும்பாலும் தொண்டையைப் பிடிக்கும். காதுக்குக் கீழே, தாடைக்குப் பின்னால். கோரைப்பல் துளைகளுக்கு நடுவே சுமார் 3 சென்டிமீட்டர் இருக்கும். பிறகு விலா எலும்புக்குப் பின்னால் வயிற்றோரத்தைக் கிழித்துத் தின்னும். நாயின் வேலை வேறு மாதிரி: பின்னங்கால், தொடை, காது என்று கண்ட இடத்தில் கடித்துக் குதறியிருக்கும், பல ஆடுகள் காயப்பட்டு நிற்கும், தின்றிருப்பது கொஞ்சம்தான். பக்கத்துக் குடியிருப்பு நாய்கள் செய்த காரியத்துக்குக் கயோட்டி பழி சுமப்பது அடிக்கடி நடப்பது. பூமா என்ற பெரிய காட்டுப்பூனை கழுத்தின் பின்பக்கத்தைக் கடிக்கும், மிச்சத்தை இலைதழை போட்டு மூடிவைக்கும். முதுகில் நகம் இறங்கிய துளைகள் மட்டும் இருந்தால் கழுகு.

பிறந்த குட்டி என்றால் குளம்பைத் திருப்பிப் பாருங்கள். நுனியில் மெத்தென்ற சவ்வு தேயாமல் அப்படியே இருந்தால் அது எழுந்து நடக்கவே இல்லை. நுரையீரலில் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் மூழ்குகிறதா? மூச்சே விடாத குட்டி. வயிற்றில் பால் இல்லையா? தாய் ஊட்டவில்லை. இவற்றில் எதற்கும் வேலி போட்டுப் பயனில்லை. தாய்க்குத் தீனியும் மருத்துவரும்தான் தேவை.

எதைப் பார்த்தீர்களோ அதை, தேதி, இடம், ஆட்டின் வயதோடு ஒரு நோட்டில் எழுதிப் படமும் எடுத்து வையுங்கள்.

படி 3: வாசனையைக் கிளப்பாதீர்கள்

செத்த மாட்டை ஓடைச் சரிவில் உருட்டிவிடுவது பழைய ராஞ்ச் வழக்கம். கயோட்டிக்குக் கால்நடை இறைச்சியைப் பழக்குவதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. பிணம் விழுந்த அன்றே அப்புறப்படுத்துங்கள். குழி தோண்டலாம், சில இடங்களில் எடுத்துச் செல்லும் லாரி வரும், இல்லையென்றால் மரச்சீவல் குவித்து நடுவில் வைத்து மூடினால் சில மாதத்தில் மட்கிவிடும், வாடையும் அதிகம் வராது. எது அனுமதி என்பதை உங்கள் மாநிலச் சட்டத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மொன்டானாவில் பிளாக்ஃபுட் பள்ளத்தாக்கின் ராஞ்ச்காரர்கள் சேர்ந்து, செத்த கால்நடைகளை ஊர் ஊராகச் சேகரித்து மட்கவைக்கிறார்கள். கரடிக்கும் ஓநாய்க்கும் என்று தொடங்கிய ஏற்பாடு. கயோட்டிக்கும் அதே நியாயம்தான்.

நஞ்சுக்கொடி, நாய்த் தீனி, உதிர்ந்த பழம், கோழித் தீவனம் எல்லாவற்றுக்கும் இதே விதி.

படி 4: குட்டி ஈனும் காலத்தை உங்கள் கைக்குள் வையுங்கள்

ஒரே மாதத்துக்குள் எல்லாத் தாயாடுகளும் ஈனும்படி கிடாவை விடும் நாளைத் திட்டமிட்டால், கண்விழிக்க வேண்டிய இரவுகள் குறையும். மூன்று மாதம் இழுத்தால் நீங்களும் சோர்வீர்கள், நாயும் சோரும். கொட்டகையிலோ வீட்டுக்கு அருகே உள்ள சின்ன மேய்ச்சலிலோ ஈனவிடுங்கள். சில கலிஃபோர்னியப் பண்ணைகள் இலையுதிர் காலத்திலேயே குட்டி ஈனவைக்கின்றன; கயோட்டிப் பொந்தில் பசி உச்சத்துக்கு வரும்போது ஆட்டுக்குட்டிகள் வளர்ந்து நிற்கும். எல்லாச் சீதோஷ்ணத்துக்கும் இது ஒத்துவராது.

மாட்டுக்கு ஆபத்து கன்று பிறந்த முதல் சில நாட்களில்தான். தலையீற்றுக் கிடாரிகளை வீட்டருகே வைத்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். அனுபவமுள்ள பசு கயோட்டியைத் தானே பார்த்துக்கொள்ளும்.

படி 5: வேலி

கயோட்டி வேலியைத் தாண்டுவதைவிட அடியில் நுழையவே பார்க்கும். அதனால் உயரத்துக்குச் செலவழிக்கும் முன் தரையைக் கவனியுங்கள். பின்னல் கம்பி வேலி ஐந்தரை அடி இருந்தால் நல்லது. அடியில் வெளிப்பக்கமாக ஒன்றரை அடி அகலத்துக்குக் கம்பிவலையைத் தரையோடு விரித்து அறைந்துவிட்டால் தோண்டுவது நிற்கும். அதற்கும் மேல், வெளியே சுமார் முக்கால் அடி தள்ளி, அதே அளவு உயரத்தில் ஒற்றை மின்கம்பி ஓடினால், தோண்ட வரும் மூக்கு முதலில் அதில் படும். ஓடை குறுக்கிடும் இடம், வாசல் கதவின் அடி, மழையில் மண் அரித்த பள்ளம்: ஓட்டை இங்கேதான் இருக்கும்.

முழு மின்வேலி என்றால் ஏழு கம்பிக்குக் குறையாமல், கீழ்க்கம்பிகளை நெருக்கமாகக் கட்டுங்கள். வறண்ட மண்ணில் மின்சாரம் சரியாகத் தரை இறங்காது. ஒரு கம்பி மின்சாரம், அடுத்தது தரைக்கம்பி என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். மீட்டர் வைத்துப் பார்க்கும்போது 5,000 வோல்ட் அளவுக்குக் காட்டட்டும். புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் அது பாதியாகிவிடும். புல்லை வெட்டச் சோம்பல்படுபவர் மின்வேலி போடாமலே இருக்கலாம்.

ஆயிரம் ஏக்கருக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது. அப்போது இரவுப் பட்டி. சூரிய மின்சாரத்தில் ஓடும் மின்வலையைச் சுற்றிக்கட்டி, பொழுது சாய்வதற்குள் மந்தையை உள்ளே அடைத்துவிட்டு, சில நாளுக்கொருமுறை இடம் மாற்ற வேண்டும். இராமநாதபுரத்துக் கீதாரிகள் கிடை போடுவதுபோலத்தான். எருவும் நிலத்துக்குக் கிடைக்கும்.

படி 6: காவல் விலங்கு

எனக்குக் கேட்டால், பணம் ஒரே ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் நாய் வாங்குங்கள் என்பேன். நாய் என்றால் ஆடு ஓட்டும் கோலி ரகம் இல்லை. கிரேட் பிரனீஸ், அனடோலியன் ஷெப்பர்டு, அக்பாஷ், மரேம்மா போன்ற ஐரோப்பிய, துருக்கிய இனங்கள். ஆட்டோடு ஆடாகவே வாழ்பவை. 1970-களின் பிற்பகுதியில் மாசசூசெட்ஸின் ஹாம்ப்ஷயர் கல்லூரியில் ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் தம்பதி இந்த நாய்களை இறக்குமதி செய்து, வளர்த்து, நாடெங்கும் பண்ணைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் காவல் நாய் பரவியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

வேலை செய்யும் பெற்றோருக்குப் பிறந்த குட்டியாகப் பார்த்து வாங்குங்கள். எட்டு வார வயதில் சில சாதுவான ஆடுகளோடு பட்டியில் விட வேண்டும். பதினாறு வாரம் வரைக்குள் அது யாரோடு பழகுகிறதோ அவர்களே அதன் சொந்தம். குழந்தைகள் வீட்டுக்குள் தூக்கிப்போய்க் கொஞ்சினால் அது திண்ணையைத்தான் காக்கும். அதற்காக மனிதன் கை படாமலும் வளர்க்கக் கூடாது. ஊசி போட, முள்ளெடுக்கப் பிடிபட வேண்டும்.

பொறுமைதான் இதில் பெரிய செலவு. ஏறக்குறைய இரண்டு வயதாகும்வரை அது விளையாட்டுப் பிள்ளை. குட்டியைத் துரத்தும், காதைக் கடிக்கும், கம்பளியைப் பிடித்து இழுக்கும். அப்போது பெரிய நாயோடு சேர்த்து விடுங்கள், அல்லது அதட்டி முட்டித் தள்ளும் முரட்டுத் தாயாடுகளோடு விடுங்கள். முதல் ஈற்றுக் காலத்தில் தனியாக விடாதீர்கள். பெரிய மேய்ச்சலில் ஒன்று போதாது, இரண்டாவது வேண்டும். ஒன்று கயோட்டியின் பின்னால் ஓடினாலும் மற்றது மந்தையோடு நிற்கும். மேற்கு மாநிலங்களின் மலை மேய்ச்சலில், பெரும்பாலும் பெருவிலிருந்து வந்த ஆடு மேய்ப்பவர்கள் இப்படிப் பல நாய்களோடு மந்தை கூடவே தங்குகிறார்கள்.

நாய் கயோட்டியைக் கொல்ல வேண்டும் என்பதில்லை. குரைப்பு, சிறுநீர் அடையாளம், மந்தையைச் சுற்றிய ரோந்து, இவையே அந்த இடம் இன்னொருவருடையது என்று கயோட்டிக்குச் சொல்லிவிடும். இரவெல்லாம் குரைக்கும் என்பதை மட்டும் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நடைபாதை இருந்தால் பலகை வையுங்கள்.

விஷப்பொறி உள்ள நிலத்தில் காவல் நாயை விடவே கூடாது. எம்-44 என்ற சயனைடு பொறி, இழுக்கும் வாயில் விஷத்தைப் பீய்ச்சும். நாயா கயோட்டியா என்று அது பார்க்காது. 2017-இல் ஐடஹோவின் பொக்கடெல்லோ அருகே ஒரு சிறுவன் இதைத் தெரியாமல் தொட்டான். அவன் பிழைத்தான், அவனோடு போன நாய் செத்தது.

லாமா வேண்டுமென்றால் காயடித்த ஆண் ஒன்று, ஒன்றே ஒன்று. இரண்டு விட்டால் தமக்குள் கூட்டாகிவிடும், ஆட்டை மறந்துவிடும். காயடிக்காத ஆண், தாயாடுகள்மேல் ஏறிக் கொன்றே விடுவதுண்டு. தனிக் கயோட்டிக்கு லாமா சரி. நாய்க்கூட்டம் வந்தால் அதுவே இரையாகும். லாபம் என்னவென்றால் ஆடு தின்னும் புல்லையே தின்னும், தனிச் சமையல் இல்லை.

கழுதைக்கும் அதே கணக்கு: ஒரு பெட்டைக் கழுதை, அல்லது காயடித்த ஆண். நாயினத்தின்மேல் அதற்குப் பிறவிப் பகை, டெக்சாஸில் நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டு நாயையும் அது உதைக்கும். மாட்டுத் தீவனத்தில் கலக்கும் மொனென்சின் என்ற மருந்து கழுதைக்கும் குதிரைக்கும் விஷம் என்பதை மறக்காதீர்கள்.

படி 7: மிரட்டும் கருவிகள்

இவற்றைக் குறுகிய காலத்துக்கு மட்டும் நம்புங்கள். மினுக்கு விளக்கு, வானொலி, அலாரம் எதுவாக இருந்தாலும் சில வாரத்தில் கயோட்டி அதைப் புரிந்துகொள்ளும். இடத்தை மாற்றுங்கள், நேரத்தை மாற்றுங்கள், குட்டி ஈனும் வாரங்களுக்காகச் சேமித்து வையுங்கள். கயிற்றில் சிவப்புக் கொடிகள் தொங்கவிடும் முறை கிழக்கு ஐரோப்பாவில் ஓநாய் வேட்டைக்குப் பயன்பட்டது. ஓநாய்க்கு ஒன்றரை அடி இடைவெளி போதும், கயோட்டி அதில் நுழைந்துவிடும். 28 சென்டிமீட்டர் அளவுக்குக் கொடிகளை நெருக்கினால் பலன் கூடியதாகச் சோதனையில் தெரிந்தது.

படி 8: மந்தையை மாட்டோடு சேர்ப்பது

பலருக்குத் தெரியாத உத்தி இது. நியூ மெக்சிகோவில் வேளாண் துறையின் ஹொர்னாடா ஆய்வுநிலையம் 1980-களில் செம்மறிக் குட்டிகளை இரண்டு மாத அளவுக்கு மாடுகளோடு ஒரே பட்டியில் அடைத்து வைத்தது. வெளியே விட்ட பிறகு அந்த ஆடுகள் மாட்டை விட்டு நகரவில்லை. கயோட்டி வந்தால் மாடுகளின் கால்களுக்கு நடுவே போய் நின்றுகொண்டன. பழக்காத ஆடுகளைக் கயோட்டி அடித்தது; பழகியவை தப்பின. ஆடும் மாடும் இரண்டும் வைத்திருப்பவருக்கு இதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரே சிக்கல், செம்மறிக்கான தாதுக்கலவையில் செம்பு குறைவாக இருக்க வேண்டும். மாட்டுக்கு வைப்பதைச் செம்மறி தின்றால் நஞ்சாகும். தனியாக வையுங்கள்.

படி 9: இத்தனைக்கும் பிறகு ஒன்று அடித்தால்

அடிக்கும், சில ஆண்டுகளில். முதலில் நோட்டைப் பாருங்கள்: எந்த மேய்ச்சல், எந்த வாரம், எந்த வயது ஆடு, அன்றிரவு நாய் எங்கே இருந்தது. பெரும்பாலும் ஒரு வேலி ஓட்டையோ, தனியே ஒதுங்கிய ஒரு தாயோ அகப்படும்.

கொல்வதே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கலிஃபோர்னியாவின் மெண்டொசினோ கவுண்டியில் (மாவட்டத்தில்) உள்ள ஹாப்லண்ட் ஆய்வுப் பண்ணையில் பார்த்தபோது, ஆடுகளை அடித்தவை பெரும்பாலும் அந்த எல்லையை வைத்திருந்த ஜோடிகள். பொறியிலோ விழுபவை பெரும்பாலும் அனுபவமில்லாத இளசுகள். அதாவது கண்டதையெல்லாம் சுட்டால் குற்றவாளி தப்பிவிடும். அடித்த ஜோடியையே குறிபார்த்து எடுத்தால் நஷ்டம் குறைந்தது, அடுத்த ஜோடி வந்து அமரும்வரை. கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். மாநிலச் சட்டம் பார்த்துச் செய்யுங்கள். பரிசுக்காகக் கயோட்டி சுடும் போட்டிகள் இந்தக் கணக்கிலேயே வராது. அவற்றுக்குப் பரிசு கொடுப்பதை 2014-இல் கலிஃபோர்னியா தடை செய்தது.

பணம் பற்றி: கால்நடை இழப்புக்கான மத்திய அரசின் இழப்பீடு, ஓநாய் போன்று மத்திய அரசு மீண்டும் காட்டில் கொண்டுவிட்ட அல்லது மத்தியச் சட்டப் பாதுகாப்புள்ள விலங்கு அடித்தால்தான் கிடைக்கும். கயோட்டி அதில் சேராது. உள்ளூரில் கேளுங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள மரின் கவுண்டியில், 1998-இல் கலிஃபோர்னிய வாக்காளர்கள் சில வகைப் பொறிகளுக்கும் விஷங்களுக்கும் தடை போட்ட பிறகு, மத்திய அரசின் வேட்டைக்காரர்களுக்காகத் தான் கொடுத்துவந்த பணத்தை வேலி, நாய், லாமா, கொட்டகைச் செலவில் பங்காக ராஞ்ச்காரர்களுக்கே கவுண்டி கொடுக்க ஆரம்பித்தது. நல்ல முன்மாதிரி என்று பலர் காட்டுவார்கள். ஆனால் ராஞ்ச்காரர் தாமே சுடுவதற்கு அதில் தடை இல்லை, எத்தனை சுடப்பட்டன என்ற கணக்கும் முழுதாக இல்லை என்ற விமர்சனத்தையும் சேர்த்தே படியுங்கள்.

அப்புறம், பக்கத்து ராஞ்ச்காரரிடம் பேசுங்கள். ஒரு ஜோடியின் எல்லை பல சதுர கிலோமீட்டர் போகும். உங்கள் வேலியோடு அது முடியாது. நீங்கள் பிணத்தைப் புதைத்து, நாய் வாங்கி, பட்டி போட்டும், அவர் செத்த மாட்டை ஓடையில் தள்ளிவிட்டு உங்கள் பக்கத்து ஜோடியைச் சுட்டுக்கொண்டிருந்தால் உங்கள் வேலை ஆண்டுதோறும் முதலிலிருந்து தொடங்கும். உங்கள் கேமராப் படங்களை அவரிடம் காட்டுங்கள். மட்கவைக்க மரச்சீவலையும் மின்வலையையும் இருவரும் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்ள முடியுமா என்று கேளுங்கள். அவருக்கும் ஈற்றுக் காலத்தில் தூக்கம் வேண்டியிருக்கும்.